மஞ்சள் இறங்கிய பிறகு

செம்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் அவருடைய ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டால், தரைத்தளத்துப் பெண் தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். விரோதம் ஒன்றும் கிடையாது. தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவாள். அவர் ஊரில் இல்லாத நாட்களில் பால் பாக்கெட் எடுத்து வைப்பாள். குழந்தையை மட்டும் காட்டமாட்டாள்.

"என் புள்ள நல்லாத்தான் இருக்கு. அவங்க ஒரு பார்வை பாத்துட்டுப் போனா, அப்புறம் ஒரு வாரம் எனக்குத் தூக்கம் வராது" என்று என் மனைவி சுகந்தியிடம் சொல்லியிருக்கிறாள்.

அவர் குழந்தை மருத்துவர். மூன்றாவது மாடியில், எங்கள் பக்கத்து வீட்டில், தனியாக இருந்தார். பிறந்தவுடன் நோயில் விழுந்து பிழைத்து வீட்டுக்குப் போன குழந்தைகள் பிற்பாடு ஒழுங்காக உட்காருகிறார்களா, நடக்கிறார்களா, காது கேட்கிறதா, பேச்சு வருகிறதா என்று விடாமல் பார்த்துவருவதுதான் அவருடைய வேலை. அதிலும் பிறந்த சில நாட்களில் மஞ்சள் காமாலை அதிகமாக ஏறிய குழந்தைகள் என்றால் அவருக்குத் தனி அக்கறை. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். பெயர் போட்டு எழுதினால் கோபித்துக்கொள்வார். எங்களுக்கு அவர் எப்போதும் 'டாக்டர்'தான்.

ஒல்லியான, உயரமான பெண்மணி. ஐம்பதை நெருங்கிய வயது. தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருப்பார். காதில் கழுத்தில் ஒன்றும் இருக்காது. குழந்தைகள் பிடித்து இழுக்கும் என்பதால் எப்போதோ கழற்றி வைத்தது, பிறகு போடவே இல்லையாம். எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காரமாட்டார். சமையலறை நிலையில் சாய்ந்து நின்றபடியே டீ குடிப்பார். அதையும் பாதியில் வைத்துவிட்டு வேறு எதையாவது பார்க்கப் போய்விடுவார். ஆறிப்போன டீயை சுகந்தி எத்தனையோ முறை கொட்டியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் பார்ப்பது போதாது என்பதுபோல வெளியிலும் பார்ப்பார். நாங்கள் போகும் சர்ச்சுக்குத்தான் அவரும் வருவார். ஒரு ஞாயிறு ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். சபைப் போதகர் தலையில் தண்ணீர் ஊற்றியதும் குழந்தை வீரிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த டாக்டர் மட்டும் இடுப்புக்கு மேலே முன்னால் சாய்ந்து, ஓட்டப் பந்தயம் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்து வெளியே கேக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, நேராக அந்தத் தாயிடம் போனார்.

"அழும்போது இடது கைய விரிச்சான், வலது கைய விரிக்கல. எப்பவும் அப்படித்தானா?"

அந்தப் பெண்ணின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "தெரியலையே டாக்டர்... சால்வைல மாட்டியிருந்திச்சோ என்னமோ."

"இருக்கலாம். இன்னொரு தடவை பாத்துடறேன், இங்க கொண்டாங்க."

சால்வையில் மாட்டிக்கொண்டதுதான். கை நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு காலை ஆராதனையை விட்டுவிட்டு மாலை ஆராதனைக்கு வர ஆரம்பித்தது.

இன்னொரு முறை தாம்பரம் ரயில் நிலையத்தில் கூட்டம் கூடிவிட்டது. நான் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அன்று கம்பெனி பஸ்ஸைத் தவற விட்டு ரயிலில் வந்து இறங்கினேன். மேம்பாலத்தில் நாலைந்து பேர் நடுவே டாக்டர் நின்றுகொண்டிருந்தார். எதிரே தோளில் குழந்தையுடன் பூ விற்கும் ஒரு பெண்.

"இன்னாம்மா நீ, ஏறங்கனதுலேர்ந்து என் கொயந்தயையே பாத்துகினு பின்னாலயே வர்ற? யாரு நீ?"

"பயப்படாதம்மா, நான் டாக்டர். கொழந்தைக்கு எத்தன மாசம்?"

"பாரு, மறுபடியும் கேக்குது!" என்று அவள் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். பிள்ளை பிடிக்கிறவள் என்று ஒருவன் சொல்ல ஆரம்பித்திருந்தான். நான் உள்ளே புகுந்து, எங்கள் பக்கத்து வீட்டு டாக்டர், எனக்குத் தெரியும் என்று சொல்லிக் கம்பெனி அடையாள அட்டையைக் காட்டினேன். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. டாக்டர் அப்போதும் விடவில்லை. ஒரு சீட்டில் தன் போன் நம்பரை எழுதி அந்தப் பெண்ணின் பூக்கூடையில் வைத்தார்.

"பொறந்தப்ப மஞ்சக்காமால வந்துச்சா?"

அந்தப் பெண் ஒரு கணம் தயங்கினாள். "வந்திச்சி. வெயில்ல காட்டனோம், போயிடிச்சி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

டாக்டரோடு ஸ்கூட்டர் நிறுத்துமிடம் வரை நடந்தேன். பிறகு, "கட்டை விரல உள்ள வெச்சு மூடியிருக்கு சார், ரெண்டு கையும். தூக்கினா கால் ரெண்டும் கத்திரி மாதிரி குறுக்க போகுது. அந்த வயசுல கை தெறந்திருக்கணும்" என்றார். "கூப்பிடமாட்டா."

கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள், வேலை இருக்கிறதோ இல்லையோ, அவர் அந்த மேம்பாலம் வழியாகவே போய்வந்தார். அந்தப் பெண் கண்ணில் படவே இல்லை.

அப்போதெல்லாம் அவரைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் எரிச்சலும் வரும். அது ஜோயல் பிறப்பதற்கு முன்பு.

ஜோயல் எங்கள் ஒரே மகன். பிறந்து மூன்றாம் நாள் மஞ்சளானான். முதலில் கண் வெள்ளை, பிறகு முகம், பிறகு வயிறு. எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான், காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். காட்டினோம். குழந்தை சமர்த்தாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டோம். பாலுக்கு எழுப்பினால்கூட எழவில்லை என்றபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சுகந்திக்கு ஓ வகை ரத்தம், அவனுக்கு பி. இரண்டும் ஒத்துக்கொள்ளாமல், குழந்தையின் ரத்தம் வேகமாகச் சிதைந்து மஞ்சள் ஏறிவிட்டது என்றார்கள். கண்ணைத் துணியால் கட்டி நீல விளக்கின் கீழே படுக்க வைத்தார்கள். அதற்கும் இறங்காமல், உடம்பிலிருந்த ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வேறு ரத்தம் ஏற்றினார்கள். அந்த அறைக்கு வெளியே நானும் சுகந்தியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

இறங்கிவிட்டது. காதுக்குள் சின்னக் குழாய் வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அதிலும் 'பாஸ்' என்றார்கள். வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் போன் போட்டேன். "மஞ்சள் எறங்கிடுச்சு, இனிமே ஒண்ணும் பயமில்ல."

அன்று மாலையே டாக்டர் வந்தார். வாழ்த்துச் சொல்லவில்லை, கையைக் கழுவிக்கொண்டு குழந்தையருகே போனார்.

"எவ்வளவு ஏறிச்சு? பால் குடிக்காம எத்தன வேளை இருந்தான்? அழுகை எப்படி இருந்திச்சு, கீச்சுனு இருந்திச்சா? ஒடம்ப வில்லு மாதிரி பின்னால வளைச்சானா?"

சுகந்தி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்து நடுவில் அழுதுவிட்டாள். "எல்லாம் முடிஞ்சிடுச்சுன்னுதானே டாக்டர் வீட்டுக்கு வந்தோம்?"

"மஞ்சள் முடிஞ்சிடுச்சும்மா" என்றார் அவர். "அது எங்கயாவது எதையாவது விட்டுட்டுப் போயிருக்கான்னு பாக்கணும். பெரும்பாலான கொழந்தைங்களுக்கு ஒண்ணும் இருக்காது. சில கொழந்தைங்களுக்கு மூளைல சில எடத்துல அது ஒட்டிக்கும். கை கால் அசைவு, காது, கண்ணு மேல பாக்கறது, இதுலதான் தெரியும். உடனே தெரியாது. மெதுவாத்தான் தெரியும்."

அதற்குப் பிறகு அவர் வந்துகொண்டே இருந்தார். குக்கர் வைத்திருக்கும்போது, குளிப்பாட்டும்போது, நாங்கள் வெளியே கிளம்பிக்கொண்டிருக்கும்போது. கைப்பையில் ஒரு சிவப்பு நூல் பந்து வைத்திருப்பார். அதை ஜோயலின் முகத்துக்கு எதிரே பிடித்து இடது பக்கம், வலது பக்கம் நகர்த்துவார். பிறகு மெல்ல மேலே கொண்டுபோவார். அவன் கண் அதோடு மேலே போனால் அவர் முகத்தில் ஏதோ தளரும். ஆனால் உடனே, "இன்னொரு தடவை பாத்துடறேன்" என்பார். 'நல்லா இருக்கான்' என்று மட்டும் வாயில் வராது. ஒரு முறைகூட வந்ததில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. என் வேலையில் ஒரு பாகத்தை எடுத்து அளந்தால் தேறும், அல்லது தேறாது. இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி இருக்கிறது. ஒரு நாள் மாடிப்படியில் அவரை நிறுத்தினேன்.

"டாக்டர், ஒண்ணு பிரச்சனை இருக்குன்னு சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. இப்படி நடுவுல தொங்க விடாதீங்க. எவ்வளவு சான்ஸ்?"

அவர் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "உங்க பாகத்த இன்னிக்கு அளந்தா நாளைக்கும் அதே அளவு இருக்கும் சார். கொழந்தைக்கு நாளைக்கு வேற அளவு. நூறு கொழந்தைக்குக் கேட்டா ஏதாவது சொல்லலாம். நீங்க ஒரு கொழந்தைக்குக் கேக்கறீங்க."

"அப்ப எதுக்குப் பாக்கறீங்க?"

"சீக்கிரம் தெரிஞ்சா ஏதாவது செய்யலாம். லேட்டாத் தெரிஞ்சா ரொம்ப கொஞ்சம்தான் செய்யலாம். அதுக்குத்தான்."

சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார். நான் அன்று கம்பெனியில் நல்ல பாகங்கள் சிலவற்றைக் கழித்துப் போட்டுவிட்டேன். மறுபடி எடுத்து அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

எங்களுக்குப் பின் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஒரு குடும்பம் இருந்தது. ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து நிலம் பாதி அவர்களுடையதுதான். அந்த வீட்டு மருமகள் தேவி. அவளுடைய முதல் பெண் குழந்தைக்கும் பிறந்தபோது மஞ்சள் ஏறி, விளக்கில் வைத்திருந்தார்கள். அது ஜோயலுக்கு ஒரு வயது மூத்தது. நாலாவது மாதத்தில் டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். "கை கால்ல வெறைப்பு இருக்கு. நடக்கறதுல கஷ்டம் வரலாம். இப்பவே பயிற்சி ஆரம்பிக்கணும்" என்று சொல்லியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் அவர் சொன்ன 'வரலாம்', வீட்டுக்குப் போய்ச் சேரும்போது 'வரும்' ஆகிவிட்டது. தெருவுக்கு வரும்போது 'அந்தக் கொழந்தை நடக்காதாம்' ஆகிவிட்டது. தேவியின் ரத்த வகைதான் காரணம் என்று யாரோ படித்துச் சொல்ல, மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார். தேவி குழந்தையோடு பொழிச்சலூரில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். புருஷன் முருகன் வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

அந்தக் குழந்தை நடந்தது. கொஞ்சம் தாமதம்தான், ஆனால் நன்றாகவே நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முருகன் எங்கள் கட்டடத்து வாசலில் நின்று மேலே பார்த்துச் சத்தம் போட்டான். பக்கத்தில் தேவி நின்றாள். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் குழந்தை நின்றது.

"டாக்டரம்மா! எறங்கி வா கீய! இன்னா சொன்ன நீ? நடக்காதுன்னியே, தோ நடக்குது பாரு! ஒரு வருசமா எங்க வூட்ல சோறு எறங்கல தெரியுமா?"

எல்லா ஜன்னலிலும் தலை தெரிந்தது. டாக்டர் செருப்புக்கூடப் போடாமல் இறங்கி வந்தார். நானும் பின்னாலேயே இறங்கினேன். ஏதாவது விபரீதமாகிவிடுமோ என்று பயம். அவர் முருகனைப் பார்க்கவே இல்லை. சிமென்ட் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். எங்கள் கட்டடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நடக்கறாளா? எங்க, விடுங்க..."

குழந்தை தாயின் விரலை விட்டுவிட்டு, கேட்டருகே படுத்திருந்த பூனையைப் பார்த்து நாலு எட்டு வைத்தது. டாக்டரின் கண்கள் அந்தக் குதிகாலிலேயே இருந்தன. குதிகால் தரையில் படுகிறதா, விரல் நுனியில் நடக்கிறதா என்று. குதிகால் முழுசாகப் பட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"தப்பு என்னுதுதான். நான் சொன்னது தப்பாப் போச்சு. ரொம்ப சந்தோஷம்." சொல்லிய மூச்சிலேயே, "இன்னொரு தடவை நடக்க விடுங்க, திரும்பும்போது எப்படித் திரும்பறான்னு பாத்துடறேன்" என்றார்.

முருகன் தேவியைத் திரும்பிப் பார்த்தான். தேவிதான் பேசினாள், குரலை உயர்த்தாமல்.

"போதும் டாக்டர். நீங்க சொன்னதுலேர்ந்து இவ காலத் தவிர நான் வேற எதையும் பாக்கல. எப்ப சிரிச்சா, எப்ப பல்லு மொளச்சிது, ஒண்ணும் எனக்கு ஞாபகம் இல்ல. இனிமே நீங்க இவளப் பாக்காதீங்க."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். டாக்டர் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டாமல் நின்றார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "நீங்க சொல்லிக் குடுத்த பயிற்சியாலதான் நடந்திச்சோ என்னவோ டாக்டர்" என்றேன்.

"தெரியாது சார். அப்படி நெனச்சுக்கிட்டா எனக்கு நல்லாத் தூக்கம் வரும்" என்றார். "அதனாலயே அப்படி நெனைக்கக் கூடாது."

அன்றிலிருந்து அவர் பார்ப்பதை நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரி வேலை மட்டும்தான். கட்டடத்துக்குள் வரும்போது தலையைக் குனிந்துகொண்டு நேராகப் படியேறிவிடுவார். தரைத்தளத்துப் பெண் கதவைத் திறந்துபோட்டே குழந்தைக்குச் சோறு ஊட்டினாள். எங்கள் வீட்டுக்கும் அவர் வரவில்லை. உண்மையைச் சொன்னால் எங்களுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஜோயல் குப்புற விழுந்தான், சிரித்தான், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்தான். நல்லாத்தானே இருக்கிறான் என்று நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை மொட்டைமாடியில் சுகந்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாயில் ஜோயல், அவனருகே நான். எங்கள் பகுதிக்கு மேலே விமானப்படை ஹெலிகாப்டர்கள் பறப்பது வழக்கம். அன்று ஒன்று மிகத் தாழ்வாக வந்தது. தண்ணீர்த் தொட்டி மேலிருந்த காக்கைகள் எல்லாம் அலறிக்கொண்டு பறந்தன. நான் காதைப் பொத்திக்கொண்டேன். ஜோயல் சுகந்தியின் கையிலிருந்த நீலநிறக் கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். இமைகூட அசையவில்லை.

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"நேத்து கதவச் சாத்துனப்ப திரும்பினானே" என்றேன்.

"தரை அதிர்ந்திச்சு, திரும்பினான்."

"அதான் டெஸ்ட்ல பாஸ்னு சொன்னாங்களே சுகந்தி."

அவள் ஈரத் துணியை வாளியிலேயே போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினாள். நான் பின்னால் போனேன்.

டாக்டர் கதவைத் திறந்தார். குழந்தையைப் பார்த்ததும் பார்வையை எங்கள் முகத்துக்குத் திருப்பிக்கொண்டார். "ஏதாவது சந்தேகமா? ஆஸ்பத்திரில வேற நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்காரு, பேர் தர்றேன்."

"எனக்கு நீங்கதான் பாக்கணும்."

"நான் வெளிய பாக்கறதில்லம்மா இப்ப. நான் சொல்றது தப்பாவும் போயிடும். பாத்தீங்கல்ல?"

"தப்பாப் போனா நானும் வாசல்ல வந்து நின்னு கத்தறேன்" என்றாள் சுகந்தி. "இப்ப பாருங்க."

அவர் பார்த்தார். ஜோயலை என் மடியில் வைத்து, பின்னால் நின்று, டம்ளரில் கரண்டியால் தட்டினார். சாவிக்கொத்தைக் குலுக்கினார். காகிதத்தைக் கசக்கினார். அவன் ஒருமுறை திரும்பினான், மூன்று முறை திரும்பவில்லை. திரும்பிய அந்த ஒருமுறையைப் பிடித்துக்கொண்டு நான், "பாத்தீங்களா" என்றேன். அவர் தலையசைத்தார், ஆனால் நான் சொன்னதை ஒப்புக்கொண்டு அல்ல.

"அங்க செஞ்ச டெஸ்ட்ல தப்பில்ல. அது காதுக்குள்ள இருக்கற பாகம் வேலை செய்யுதான்னு மட்டும்தான் பாக்கும். காதுலேர்ந்து மூளைக்குப் போற நரம்புல சத்தம் போகுதான்னு அதுல தெரியாது. மஞ்சள் கெடுக்கறது அந்த வழியத்தான். அதுக்கு வேற டெஸ்ட் இருக்கு. கொழந்தை தூங்கும்போது தலைல ஒயர் ஒட்டிச் செய்வாங்க."

குரோம்பேட்டையில் ஓர் இடத்தில் அந்தச் சோதனை. அவரும் வந்தார். ஜோயல் தூங்க வேண்டும், அவனோ தூங்குவதாக இல்லை. டாக்டர் அறைக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தார். கடைசியில் சோதனை செய்யும் பையன், "மேடம், தயவுசெஞ்சு வெளிய இருங்க. நீங்க இங்க நடந்துகிட்டிருந்தா பெரியவங்களுக்கே தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டான். அவர் வெளியே போய் ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமாக மேலும் கீழும் நடந்தார். கண்ணாடி வழியே எனக்குத் தெரிந்தது. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

ஒருவழியாக ஜோயல் தூங்கிய பிறகு, திரையில் அலை அலையாக வர வேண்டிய கோடு, தட்டையாக ஓடியது. அந்தப் பையன் வெளியே வந்து, "நீங்க சந்தேகப்பட்டது கரெக்டாப் போச்சு மேடம்" என்றான்.

அவர் அவனிடம் எரிந்து விழுந்தார். "கரெக்டா? என்னப்பா இதுல கரெக்ட்?"

ஆட்டோவில் திரும்பும்போது சுகந்தி அழவில்லை. டாக்டர்தான் வெளிப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதோ நினைவில், வழி தெரியாதவர்போல, "எங்க போறோம்?" என்று கேட்டார். வீட்டுக்குத்தான் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு மாசம் பாக்காம விட்டுட்டேன்" என்றார். "தேவி என்கிட்ட பாக்காதீங்கன்னு சொன்னது அந்தக் கொழந்தைய மட்டும்தான். நான் எல்லாத்தையும் விட்டுட்டேன்."

பிறகு நடந்தவை நீண்ட கதை. முதலில் காதுக் கருவி மாட்டிப் பார்த்தார்கள், பெரிதாகப் பலன் இல்லை. ஒரு வயது தாண்டியதும் காதுக்குப் பின்னால் ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு கருவி வைத்தார்கள். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. சுகந்தி பள்ளிக்கூட வேலையை விட்டாள். சீக்கிரம் கண்டுபிடித்ததால்தான் இவ்வளவு பேச்சு வந்தது என்று பயிற்சி ஆசிரியை சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு மாதமும் கூடவே ஞாபகம் வரும். டாக்டர் மறுபடி முன்போலவே வரத் தொடங்கினார். காது என்று தெரிந்துவிட்டதால் விட்டுவிடவில்லை. நடை, கை, பார்வை, பென்சில் பிடிப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒன்று மட்டும் மாறியிருந்தது. புருஷன் வீட்டுக்குத் திரும்பிவிட்ட தேவிக்கு இரண்டாவது குழந்தை பிறந்து, அதுவும் மஞ்சளாகி, மஞ்சள் இறங்கி வீட்டுக்கு வந்த மறுநாள், அவளே படியேறி மூன்றாவது மாடிக்குப் போனாள். நான் அப்போது எங்கள் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன்.

"பாருங்க டாக்டர். என்னவா இருந்தாலும் என்கிட்ட மட்டும் சொல்லுங்க. எங்க வூட்ல யாருக்கும் சொல்லாதீங்க."

"உள்ள வாம்மா" என்றார் டாக்டர். "பாக்கறதுக்கு முன்னால ஒண்ணு. இவன் தூக்கத்துல சிரிச்சானா? எப்ப சிரிச்சான்னு மொதல்ல சொல்லு."

அதிலிருந்து எந்தக் குழந்தையைத் தொடுவதற்கு முன்னாலும் தாயிடம் அப்படி ஏதாவது ஒன்றைக் கேட்பார். யாரிடம் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொள்வார். தரைத்தளத்துக் கதவு மட்டும் மறுபடி சாத்திக்கொண்டது.

ஜோயலுக்கு எட்டு வயது நடக்கும்போது அவர் வேலையை மாற்றிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினார். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இதே வேலைக்குத் தனிப் பிரிவு தொடங்குகிறார்களாம். சாமான் அதிகம் இல்லை, ஒரு சின்ன வேனிலேயே அடங்கிவிட்டது. வேன் கட்டடத்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். ஜோயலுக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. காதுக்குப் பின்னாலிருந்த கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்துச் சிரித்தான்.

"இப்ப எனக்கு ஒண்ணும் கேக்காது. நீங்க என்ன வேணா பேசிக்கலாம்" என்றான், அவனுக்கே உரிய உரத்த குரலில்.

டாக்டர் அவனெதிரே குனிந்தார். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாய் அசைந்தது. ஹாரன் சத்தத்தில் எனக்கும் சுகந்திக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவனுடைய பேச்சை, நடையை, கண்ணைச் சோதிக்கும்போது இருக்கும் அந்தக் கூர்மை அப்போது அவர் முகத்தில் இல்லை. நிமிர்ந்து, எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, வேனில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வேன் நகர்ந்ததும் லாரி உள்ளே வந்தது.

ஜோயல் கருவியை மாட்டிக்கொண்டான். அவனுக்கு உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்னடா சொன்னாங்க?" என்றேன்.

"நல்லா இருப்பேன்னு சொன்னாங்க."

சுகந்தி அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "இருப்பேன்னு சொன்னாங்களா? இருக்கணும்னு சொன்னாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

அவன் இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். இரண்டிலும் உதடு ஓரிடத்தில் மூடித் திறந்தது. "இருப்பேன்னுதான் நெனைக்கறேன்" என்றான். பிறகு, "தெரியலம்மா. ஹாரன் அடிச்சான்ல, திரும்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டான். கருவி இல்லாத காதுக்கு ஹாரன் எப்படிக் கேட்டிருக்கும் என்று நாங்கள் கேட்பதற்கு அவன் நிற்கவில்லை.

அவருடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். பண்டிகைக்குப் பேசுவோம், ஜோயலின் படிப்பைப் பற்றிக் கேட்பார், அவன் படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறானா என்று கேட்பார். அன்று அவனிடம் என்ன சொன்னார் என்பதை மட்டும் நான் இன்னும் கேட்கவில்லை.